வில்ஃப் சொல்ல, டாம்சன் நடக்க

ப்ரெண்டா கேப்ஸ்டிக் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். உருளைக்கிழங்கு மசித்து மசித்தே தோள் இப்படி அகன்றுபோனது என்று தானே சொல்லிச் சிரிப்பாள். அறுபதைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி. கார் ஓட்டத் தெரியாது. மூன்று தடவை லைசன்ஸ் பரீட்சைக்குப் போய், மூன்று தடவையும் தோற்று, இந்தச் சனியனே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அவள் கட்டிக்கொண்டவன் வில்ஃப். வட இங்கிலாந்தில், கம்ப்ரியாவின் மலைப் பண்ணைகளுக்கெல்லாம் போய்ப் பால் எடுத்துவரும் டேங்கர் லாரியை முப்பது வருஷம் ஓட்டியவன். பனி கொட்டினாலும் ஓட்டினான், நடுரோட்டில் ஆடு படுத்திருந்தாலும் சுற்றிக்கொண்டு ஓட்டினான். வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதை, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவான்.

டாம்சன் என்ற குதிரையை அவள் வாங்கியது பல வருஷத்துக்கு முன்னால், ஓர் இலையுதிர்கால ஏலத்தில். மலையிலிருந்து அப்படியே இறக்கிக் கொண்டுவந்த, உடம்பில் கயிறே பட்டிராத கறுப்புப் பெண்குட்டி. எங்கள் பக்கத்து மட்டக்குதிரை இனம், ஃபெல் என்போம். பீப்பாய் வயிறு, கண்ணை மறைக்கும் பிடரி மயிர், குளம்பை மூடும் முடி. வேறு குதிரைகளுக்குப் பிடரியைப் பின்னிக் கோர்த்து அழகு பார்ப்பார்கள். எங்கள் குதிரையின் தலையில் சீப்பைத் தவிர எதையும் வைக்கமாட்டோம்.

"இத வச்சு என்னடி பண்ணப்போற?" என்று ப்ரெண்டாவின் அண்ணன் கேட்டான்.

"ட்ரெஸ்ஸாஜ்."

"டான்ஸா! இந்த வயித்தோடயா? குதிரையச் சொல்றேன், உன்னச் சொல்லல."

அது டான்ஸ் இல்லை. நீள்சதுரமான ஒரு புல்வெளி, அதன் ஓரத்தில் எழுத்து எழுதிய பலகைகள். எந்த எழுத்தில் வட்டம் போடவேண்டும், எந்த எழுத்தில் நடையை ஓட்டமாக மாற்றவேண்டும், எங்கே பாய்ச்சல் எடுக்கவேண்டும் என்று ஒரு பாடம் இருக்கும். அதை ஒன்றுவிடாமல் செய்துகாட்டவேண்டும், நடுவர் ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். பணக்கார வீட்டு நெடுங்கால் குதிரைகளுக்கென்று ஆன விளையாட்டு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ப்ரெண்டாவிடம் சமதரையான நிலம் கிடையாது. சரிவான வயலில் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து, எழுத்து எழுதி வைத்துப் பழக்கினாள். டாம்சனுக்கு மேட்டில் ஏறும்போது சோம்பல், இறங்கும்போது அவசரம், வயலின் கேட் பக்கம் வந்தால் புல் ஞாபகம். முதல் இரண்டு வருஷம் நடுவர்கள் "நேர்மையான மட்டக்குதிரை" என்றே எழுதிக்கொடுத்தார்கள். வேறு நல்லதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்காதபோது எழுதுவது அது. ப்ரெண்டா ஒவ்வொரு தடவையும், டாம்சனை ஏற்றி வில்ஃப் ஓட்டிவரும் குதிரை லாரியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுவாள், பிறகு ஹாம் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு அடுத்த போட்டி எப்போது என்று கேட்பாள்.

பாடத்தை ஒருவர் வெளியே நின்று உரக்க வாசிக்கலாம் என்பது இந்த விளையாட்டில் உள்ள வழக்கம். ப்ரெண்டாவுக்கு வாசிப்பவன் வில்ஃப். மைதானத்துக்குள் போனதும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்து, மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிடும். அப்போது வில்ஃபின் குரல் வரும், டேங்கர் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல். "பி-யில ஓட்டம்!" என்பான். ப்ரெண்டா காலை அழுத்துவதற்குள் டாம்சன் ஓட ஆரம்பித்துவிடும். குதிரைக்குப் பாடம் நடத்துவது நானா, அவனா என்று ப்ரெண்டாவுக்கே சந்தேகம் வரும்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. மார்க் ஏறிற்று. நாட்டின் சொந்த மட்டக்குதிரை இனங்களுக்கென்று தெற்கே ஒரு தேசியப் போட்டி நடக்கும். அதற்குத் தகுதி மார்க் வாங்கவேண்டும். இரண்டு வருஷமாக ஒரு நூலளவில் தவறிப்போனது. டாம்சனுக்கு வயது பதினாறு ஆகிவிட்டது, முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் தாங்குமோ. ஒரே ஒரு தடவை, அந்த மைதானத்தில் ஒரே ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் போதும் என்பதுதான் ப்ரெண்டாவின் ஆசை. வாழ்க்கையில் அவள் பெரிதாக வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை, அதனால் இந்த ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது.

இந்த வருஷம் வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் காலத்தில்தான் அவள் முதலில் கவனித்தாள். வில்ஃப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசினான். டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். கடையில் எதிரே வந்த மொய்ராவை, இருபது வருஷப் பழக்கக்காரியை, அவள் வாயைத் திறக்கும்வரை அடையாளம் தெரியாமல் நின்றான். ஒருநாள் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி கற்சுவரில் உரசி உடைந்தது.

"சுவர்தான் வெளிய வந்துருக்கு" என்றான்.

ப்ரெண்டாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அன்றிலிருந்து லாரியில் உட்கார்ந்தால் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். "இடது பக்கம் ஆடு நிக்குது பாரு." "அங்க ட்ராக்டர் வருதுல்ல, பக்கத்துப் பண்ணையோடதுதான." ஊர்க்கதை பேசுவதுபோலப் பேசினாள். மைதானத்தில் அவன் வாசிக்க இவள் ஓட்டினாள். லாரியில் இவள் வாசிக்க அவன் ஓட்டினான். இருவரும் ஒன்றும் தெரியாததுபோல இருந்தார்கள். டாக்டரிடம் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் அவன் லைசன்ஸ் போயிருக்கும், அவளுடைய தேசியப் போட்டியும் போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூலையில் கடைசித் தகுதிப் போட்டி வந்தது. தூறல். கணவாய் ரோட்டில் ஏறிப் போகும்போது, சனிக்கிழமையானால் டவுனிலிருந்து வந்து மலையேறும் சைக்கிள்காரர்களில் ஒருவன், மஞ்சள் சட்டை போட்டவன், தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். வெட்டவெளியில் மஞ்சள் சட்டை! குருடனுக்கும் தெரியும் என்பார்களே, அப்படி. லாரி நேராக அவன் முதுகைப் பார்த்துப் போனது.

"வில்ஃப்!"

அவள் அலறிய பிறகுதான் வண்டி திரும்பியது. பின்னால் டாம்சன் தடுமாறிப் பலகையில் மோதும் சத்தம் கேட்டது. சைக்கிள்காரன் கையை ஆட்டி ஏதோ வைதான்.

"பாத்தேன், பாத்தேன்" என்றான் வில்ஃப். "ஏன் புள்ள இப்படிக் கத்துற? நெஞ்சு வெடிச்சுரும்போல இருக்கு."

"பாத்து ஓட்டுய்யா" என்றாள் ப்ரெண்டா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தகுதிப் போட்டி முடியட்டும் என்று நினைத்தாள். அவளை நல்லவள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த ரோட்டில் அவள் நினைத்தது அதைத்தான்.

அந்தப் போட்டிக்கான பாடம் பழைய பாடம். இந்த வருஷம் அதில் இரண்டு இடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். புதிய தாளை ப்ரெண்டா ஏப்ரல் மாதமே அவனிடம் கொடுத்திருந்தாள். படித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தான். வீட்டில் பாடத்தை முழுசாக ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. இரண்டு தடவை ஓட்டினால் மட்டக்குதிரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, சொல்வதற்கு முன்னாலேயே செய்து மானத்தை வாங்கிவிடும். அங்கொரு வட்டம், இங்கொரு திருப்பம் என்று துண்டு துண்டாகத்தான் பழகுவோம். அதனால் வில்ஃப் புதிய தாளை வாசித்தானா இல்லையா என்று பார்க்க ப்ரெண்டாவுக்கு வாய்ப்பே வரவில்லை.

நடுவர் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். தப்பு வந்தால் ஹாரன் அடிப்பார். வில்ஃப் மைதானத்தின் பக்கவாட்டில் தாளோடு நின்றான். ப்ரெண்டா நடுக்கோட்டில் வந்து நின்று தலை வணங்கினாள். டாம்சன் சிலைபோல நின்றது.

"சி-யில இடது பக்கம்!" என்றான் வில்ஃப். "ஹெச்-லேர்ந்து எஃப்-புக்குக் குறுக்க!"

டாம்சன் குறுக்கே திரும்பியது. ஹாரன் அடித்தது.

நடுவர் கார் ஜன்னலில் தலையை நீட்டினார். "மிஸஸ் கேப்ஸ்டிக், குறுக்க போறது போன வருஷம். இப்ப ஈ-யில வட்டம். ஹெச்-லேர்ந்து மறுபடி வாங்க."

"மன்னிக்கணும் மேடம், ஒரு வரி தாண்டிப் படிச்சுட்டேன்" என்று வில்ஃப் கத்தினான். தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான்.

வட்டம் நன்றாக வந்தது. அடுத்து, கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு குதிரையைத் தன்போக்கில் நீள நடக்கவிடவேண்டும். ஈரப் புல், குளம்புச் சத்தமே இல்லை. ப்ரெண்டா நிமிர்ந்து வில்ஃபைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு அப்பால், அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த யாருடையதோ கறுப்பு மட்டக்குதிரை ஒன்று நடந்துகொண்டிருந்தது. வில்ஃபின் முகம் அதோடு கூடவே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் குதிரை மூலைக்குப் போனதும், "ஏ-யில பாய்ச்சல்!" என்று கணீரென்று கத்தினான்.

ப்ரெண்டா இன்னும் பாதித் தூரம்கூடப் போயிருக்கவில்லை. டாம்சனின் காதுகள் விறைத்தன, முதுகு எழும்பியது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்டு நடந்த குரலாயிற்றே. சவாரி செய்பவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாலும் மார்க் போய்விடும். ப்ரெண்டா மூச்சை வெளியே விட்டு, சேணத்தில் அழுந்த உட்கார்ந்து, கடிவாளத்தின் மேல் விரல்களை மூடினாள். டாம்சன் ஒரு கணம் தயங்கி, நடந்தது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மனுஷனுக்கு மங்கலாகத் தெரிகிறது என்றுதானே நினைத்திருந்தாள். மனைவி எது, அடுத்தவன் குதிரை எது என்றே தெரியாத கண்ணோடுதான் காலையில் கணவாய் ஏறி வந்திருக்கிறான். அந்த மஞ்சள் சட்டைக்காரனை அவன் பார்க்கவே இல்லை. அந்தக் கணத்தில் அவள் அலறாமல் ஒரு தும்மல் தும்மியிருந்தால், அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை.

மீதிப் பாடத்தை அவள் மனப்பாடத்திலிருந்தே ஓட்டினாள். எங்கிருந்து ஞாபகம் வந்ததோ தெரியாது. வில்ஃப் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தான், அந்த இன்னொரு குதிரைக்கு. கயிற்றோரம் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். டாம்சன் ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலுக்குக் காதைத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ப்ரெண்டாவின் முதுகுக்குக் கட்டுப்பட்டது. அவள் வாழ்நாளிலேயே மிகச் சிறப்பாக ஓட்டியது அன்றுதான். புருஷன் சொன்ன எதையும் காதில் வாங்காமல்.

கொஞ்ச நேரத்தில் குதிரைச் சங்கத்துச் செயலாளரான மொய்ரா ஈரப் புல்லில் ஓடிவந்தாள். "அடியே ப்ரெண்டா! வந்துருச்சுடி! ஹாரன் அடிச்சும் தகுதி மார்க் வந்துருச்சு! தெற்கே போறடி நீ!" கட்டிக்கொண்டாள். பிறகு அவள் காதருகே, "வில்ஃபுக்கு என்னடி ஆச்சு?" என்றாள்.

"தெரியல" என்றாள் ப்ரெண்டா. பொய்.

வில்ஃப் லாரிக்கு அருகே கண்கலங்கி நின்றான். "சொன்னேன்ல? அந்த ஒரு இடத்துலதான் சொதப்பிட்டேன், மத்ததெல்லாம் சரியா வாசிச்சேன்ல? தெற்கே போற ரோடு எனக்கு அத்துப்படி புள்ள. விடியக்காலம் கெளம்பினா மத்தியானத்துக்குள்ள கொண்டுபோய் நிறுத்திருவேன்." டிரைவர் பக்கத்துக் கதவைத் தடவித் திறந்தான்.

போதும், இன்று ஒருநாள் பேசாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்குள் ஏதோ சொல்லியது. தேசியப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம்தான். மெதுவாகப் போகச் சொல்லலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகலாம்.

"வில்ஃப், சாவியக் குடு."

"எதுக்கு? நீ ஓட்டப்போறியா?" சிரித்தான்.

"யாரும் ஓட்டல. லாரி இங்கயே நிக்கட்டும். மொய்ரா உன்ன வீட்ல விடுவா. நான் டாம்சன் மேல மலை வழியா வந்துர்றேன்."

"என்னாச்சு உனக்கு? குதிரைக்கு அடி பட்டுருச்சா?"

"நீ வாசிச்சது எனக்கு இல்லய்யா. அடுத்த ஆட்டத்துக்கு நின்ன குதிரைக்கு."

வில்ஃபின் முகத்தில் ரத்தம் ஏறியது. "முப்பது வருஷம், ப்ரெண்டா. ஒரு கீறல்..."

"காலைல அந்த சைக்கிள்காரன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

அவன் கண்கள் அவள் காதருகே எதையோ தேடின. பிறகு குரல் இறங்கி வந்தது, மைதானத்தில் யாரும் கேட்டிராத குரல்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"குட்டி போடற காலத்துலேர்ந்து."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ ஓட்டலன்னா நான் தெற்கே போகமுடியாதே. அதான் சொல்லல." அவளுக்கு அழுகை வந்தது. "அதுக்காகத்தான் வாய மூடிட்டு உக்காந்திருந்தேன் வில்ஃப். அந்த ஆளு செத்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன்."

வில்ஃப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நானும் தெரிஞ்சேதான், உன்ன அங்க கொண்டுபோய்ச் சேக்கற வரைக்கும் சொல்லாம இருந்தேன்" என்றான்.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, யாரும் இல்லாத இடத்தில் நீட்டினான். ப்ரெண்டா அந்த இடத்துக்கு நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டாள்.