ஹச்சிமான் முகத்து வெள்ளைத்தாள்

யுத்தம் முடிந்துவிட்டதென்று தமிழ் ரேடியோ சொன்ன வாரம். ரொறன்ரோவில் ஒரு ஜப்பானிய அம்மாவின் லோண்ட்ரிக் கடையில் நான் சேட் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். வன்னியிலிருந்த தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சொந்தக்காரர் துடக்குக் காக்கச் சொன்னார்கள். துடக்கென்றால் சாவு வீட்டார் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. நான் பிடிவாதக்காரி. வீம்புக்கென்றே தினமும் முருகன் கோயிலுக்குப் போனேன். நான் போகும்வரை அவன் உயிரோடிருப்பான் என்று நம்பினேன்.

கடையின் பின்னறையில் எப்போதும் அயர்ன் ஆவி மிதக்கும். அங்கே உயரத்தில் ஒரு பலகை, அதில் சின்ன மரக்கோயில். உள்ளே ஹச்சிமான், போர்வீரர்களின் கடவுள். எங்கள் வேல்காரருக்குச் சேவல் என்றால் அந்த வில்காரருக்குப் புறா. அந்த அம்மாவின் ஊரில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் இளந்தாரிகள் சண்டைக்குப் போவார்களாம். அந்த அம்மா இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிவார். அந்தத் தட்டலில் நானும் தம்பியை நினைப்பேன். ஆவிக்குள் அவன் சைக்கிளில் போவதுபோலக்கூடத் தெரியும்.

ஒரு காலை, அந்த மரக்கோயிலின் முகத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. சாவு விழுந்தால் சாமியை அப்படி மறைப்பார்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தாளைக் கிழித்தெறிந்தேன்.

"ஆர் சொன்னது அவன் செத்திட்டான் எண்டு?" தமிழிலேயே கத்தினேன்.

அவர் குனிந்து கிழிந்த தாளைப் பொறுக்கினார். பிறகு ஆங்கிலத்தில், "என் அக்கா. முந்தாநாள், ஜப்பானில்," என்றார்.

வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன். தம்பியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, புதுத்தாளை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சாவு நடந்த வீட்டார் தாளை ஒட்டக் கூடாதாம், வெளியாள்தான் ஒட்ட வேண்டுமாம். நான் கிழித்ததைக்கூடப் பக்கத்துக் கடைக்காரர்தான் ஒட்டித் தந்தாராம்.

"என் அப்பாவும் அந்தப் பெரிய யுத்தத்திலிருந்து திரும்பவில்லை," என்றார். "அம்மா நம்பவே இல்லை. ஊரில் எந்த வீட்டில் சாவென்றாலும் முதல் ஆளாகப் போய்த் தாள் ஒட்டுவாள். தன் வீட்டில் சாவில்லை என்று காட்டத்தான்."

பிறகு கதிரையை இழுத்துப் போட்டார். "உங்கள் வீட்டில் சாவு இல்லையே. நீங்கள் ஒட்டுங்கள்."

ஏறினேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். தாள் எப்போதோ ஒட்டிவிட்டது. ஆனால் நான் கையை எடுக்கவில்லை.