நல்ல நேரத்தில் போன கடிதங்கள்

அத்தானின் கணினி மேசையின் நான்கு கால்களும் நான்கு மாஜரின் டப்பாக்களுக்குள் நின்றன. டப்பாக்களில் எப்போதும் தண்ணீர் இருக்கும். சாப்பாட்டு அலுமாரிக்கு எறும்பு ஏறக்கூடாது என்று குசினியில் அக்கா செய்து வைத்திருந்த ஏற்பாட்டை அவர் அப்படியே தன் அறைக்கும் கொண்டுபோய்விட்டார். ஒருமுறை கணினிப் பெட்டி நின்றுபோய்த் திறந்து பார்த்தபோது, மின்சாரம் வரும் பகுதிக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்ததாம். அதைத் தின்ன வந்த எறும்புகள் அங்கேயே குடும்பம் நடத்தியிருந்தன. அன்றிலிருந்து கீழே தண்ணீர், மேலே கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலை. வலைக்குள் சின்ன இரைச்சலோடு அந்தப் பெட்டி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே பச்சைக் குழந்தை தூங்குகிறது என்று நினைத்து, வீட்டுக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். கடையில் செய்த வேலை வயிற்றுப்பாட்டுக்கு. வீட்டில் நுளம்பு வலைக்குள் இருந்ததுதான் அவருடைய உயிர். அது ஒரு மின்னஞ்சல் சேர்வர். உலகம் முழுக்கப் பெரிய கம்பனிகளிடம் சும்மா கிடைக்கும் முகவரியை வைத்துக்கொண்டு சீவிக்க, இவர் மட்டும் எங்கள் வளவின் பெயரில் ஓர் இணையப் பெயரைப் பதிந்து, அதன் கீழ் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு முகவரி தந்திருந்தார். எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் அந்தப் பெட்டியில்தான் வந்து இறங்கும். மின்சாரம் போனால் ஓட்டோ பற்றரி ஒன்று அதைத் தாங்கிப் பிடிக்கும். பற்றரியும் இறங்கிவிட்டால் எங்கள் குடும்பத்தோடு உலகத்துக்குத் தொடர்பு இல்லை. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவள். அலுவலகத்தில் என் முகவரியை எழுதிக் கொடுக்கும்போதெல்லாம், "இதென்ன புதுக் கம்பனி?" என்று கேட்பார்கள். "எங்கடை அத்தான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஏன் இந்த வீண் தொல்லை என்று அவரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. சிறுவயதில் இடம்பெயர்ந்து போனபோது, அவருடைய தகப்பன் கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்களெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தனவாம். பெட்டி பாரம் என்று விட்டுவிட்டுப் போனார்களாம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, "எங்கடை கடிதம் எங்கடை வீட்டிலை கிடக்கட்டும், பிள்ளை" என்றார். பிறகு ஆணி கழற்றும் திருப்புளியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் அவரைப் பகிடி பண்ணினேன்தான். ஆனால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போலவே பித்துப் பிடித்த இரண்டு மூன்று பேர் வருவார்கள். காங்கேசன்துறைப் பக்கம் கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர். கொழும்புத்துறையிலிருந்து கடற்றொழில் செய்யும் வீட்டுப் பெடியன் ஒருவன். உப்புக்காற்று தன் கணினியை மாதத்துக்கு மாதம் தின்கிறது என்பது அவனுடைய மாறாத முறைப்பாடு. இவர்களுடைய அஞ்சலும் அத்தானின் பெட்டியில்தான் இருந்தது. அக்கா தேநீர் ஊற்றி ஊற்றியே ஓய்ந்துபோவாள். "கலியாண வீடு தோத்துது" என்பாள், ஆனால் பலகாரத் தட்டையும் கூடவே கொண்டுவந்து வைப்பாள்.

இதற்கிடையில் எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய மௌனம் இருந்தது. எங்களுக்கு ஒரே அண்ணன், கனடாவில் இருக்கிறார். தன் பங்குக் காணியை அவர் அங்கிருந்தபடியே வெளியாளுக்கு விற்கப் போனபோது, பொதுக் கிணற்றில் தனக்கிருந்த பங்கையும் சேர்த்து விற்கப் பார்த்தார். அக்கா அழுதாள். அக்காவுக்காக அத்தான் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டார். "எங்கடை குடும்ப விசயம் கதைக்க நீர் ஆர்?" என்று அண்ணை முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிட்டார். விற்பனை நடக்கவில்லை. கதையும் நின்றுபோயிற்று. நன்மை தீமை எதற்கும் இந்தப் பக்கமிருந்து ஒரு சொல் போகவில்லை, அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வரவில்லை.

அப்படியிருக்க, அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் ஊரில் கலியாணப் பொம்பிளையின் தாய்மாமனுக்கு முதலில் சொல்லாமல் வேறு யாருக்கும் கலியாணம் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் அவர் வரமாட்டார். அவர் இல்லாத மணவறையைப் பார்த்துச் சனம் கேட்கும் கேள்விக்கு அக்காவிடம் பதில் இருக்காது. சனத்தை விடுங்கள், அக்காவுக்கே அண்ணை வேண்டும். எங்களைத் தூக்கி வளர்த்தவர் அவர். தொலைபேசியில் கதைத்தால் அழுகைதான் வரும் என்று அவள் ஒரு கடிதம் எழுத முடிவு செய்தாள். அத்தான் தமிழ் எழுத்துப் பலகையைத் திறந்து கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார். அவள் ஒற்றை விரலால் ஒரு பின்னேரம் முழுக்கத் தட்டினாள். மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

மற்றச் சொந்தக்காரர்களுக்கும் அழைப்பிதழ் மின்னஞ்சலில்தான். கைபேசிக் குழுவில் போடலாமே என்றேன். "குழுவிலை எறிஞ்சால் அது மரியாதையோ? ஒவ்வொருத்தருக்கும் அவையவையின்ரை பேர் போட்டுப் போகவேணும்" என்றாள் அக்கா. சரி என்று கனடா, லண்டன், நோர்வே, அவுஸ்திரேலியா என்று பரந்து கிடக்கும் அத்தனை பேருக்கும் அத்தான் தனித்தனியாக ஆயத்தம் செய்தார். அப்போதுதான் அக்கா பஞ்சாங்கத்தோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ராகுகாலம் துவங்க முதல் எல்லாம் போகவேணும். அண்ணையின்ரை கடிதம் முதல். அதுக்குப் பின்னாலை மற்றதெல்லாம்."

அத்தான் தலையைச் சொறிந்தார். சின்னச் சேர்வர் ஒன்றிலிருந்து ஒரே மூச்சில் நிறையக் கடிதம் போனால் பெரிய கம்பனிகள் சந்தேகப்படும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வெளியே போகும் கடிதங்களுக்கு அவர் ஒரு கடிவாளம் போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும்.

"எல்லாம் ஒரேயடியாய்ப் போகக்கூடாது. ஒவ்வொண்டாய் விட்டால் நாளைக்குப் பின்னேரம் முடியும்" என்றார்.

"நாளைக்கு அட்டமி. பிள்ளையின்ரை நல்ல காரியம் அட்டமியிலையோ போறது?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கியிருந்த முகம் அது. திரும்பிக் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டார். ராகுகாலத்துக்கு முன் எல்லாம் போய் முடிந்தது. அக்கா சாமியறையில் கற்பூரம் கொளுத்தினாள்.

பிறகு ஒன்றும் வரவில்லை. அண்ணையிடமிருந்து மட்டுமில்லை, ஒருவரிடமிருந்தும் இல்லை. ஆனால் அக்காவுக்கு அண்ணையின் கணக்கு மட்டும்தான் கணக்கு. அத்தான் சேர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தார். கடிதத்தை மற்றப் பக்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. "போய்ச் சேந்திட்டுது" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்தான் அக்காவை உடைத்தது. "வாசிச்சுப்போட்டும் பேசாமல் இருக்கிறார்" என்று ஒரு தரம் சொன்னாள். அதற்குப் பிறகு அண்ணையின் பெயரை எடுக்கவில்லை. கலியாண வேலைகளை யாரோ வீட்டு வேலை மாதிரிச் செய்துகொண்டு திரிந்தாள்.

குட்டு உடைந்தது லண்டன் சின்னம்மாவால். அவ எனக்குத் தொலைபேசி எடுத்து, "கலியாணமாம், எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. இருக்கட்டும்" என்று இழுத்தா. கடிதம் அனுப்பினோமே என்றேன். தேடிப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் அவவுடைய குப்பைப் பெட்டியில், தலைமயிர் வளரும் எண்ணெய்க்கும் லொத்தர்ப் பரிசுக்கும் நடுவில், எங்கள் பிள்ளையின் கலியாண அழைப்பிதழ் கிடந்தது.

அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நுளம்பு வலையை ஒதுக்கிப் பதிவுகளைத் திரும்பத் திறந்தார். "ஓம் எண்டு வாங்கிப்போட்டு உள்ளை கொண்டுபோய்க் குப்பையிலை போட்டிருக்கிறாங்கள். இனி இதிலையிருந்து என்ன அனுப்பினாலும் குப்பைக்குத்தான் போகும்" என்றார். நான் சும்மா இருக்காமல், என் அலுவலக முகவரியிலிருந்து திரும்ப அனுப்புவோம் என்றேன். "அக்கா தன்ரை அண்ணைக்கு எழுதினதை உன்ரை கந்தோரிலையிருந்தோ அனுப்பிறது?" என்று கேட்டார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அன்று மாலை, கனடாவில் விடிந்திருக்கும் நேரம், அத்தான் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் உடுப்புக் கழுவிக்கொண்டு நின்றேன். என்னைப் போகச் சொல்லவில்லை. "நீர் ஆர்" என்று கேட்ட மனிதனுக்கு அவர் தானாகத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, நான்தான். போனை வையாதேங்கோ. உங்கடை கொம்பியூட்டரிலை குப்பைப் பெட்டி எண்டு ஒண்டு இருக்கும், ஒருக்கால் திறந்து பாருங்கோ. உங்கடை தங்கச்சியின்ரை கடிதம் அதுக்குள்ளை கிடக்கு. பிழை என்னிலைதான். நான் அவசரப்பட்டு அனுப்பினதாலை அங்கை போட்டுது. அவ உங்களுக்குத்தான் முதல் எழுதினவ." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன எழுதியிருக்கிறா எண்டு எனக்குத் தெரியாது. நான் வாசிக்கேல்லை."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. அத்தான் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். அக்கா கேட்ட நல்ல நேரத்தைப் பற்றி அவர் அண்ணையிடமும் வாய் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் திறக்கவில்லை. பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வாளி தண்ணீர் அள்ளினார். எனக்கு அப்போது அந்த மனிதனை அவ்வளவு பிடித்தது.

அடுத்த நாள் மத்தியானம் அவர் வாசலில் நின்று அக்காவைக் கூப்பிட்டார். "உனக்கு ஒண்டு வந்திருக்கு." அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தாள். அவர் கடிதத்தைத் திறந்து கொடுக்கவில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு, மாஜரின் டப்பாக்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே வந்தார். டப்பாக்கள் நிறைந்துதான் இருந்தன. உள்ளேயிருந்து அக்கா அழுவதும் சிரிப்பதும் கேட்டது. அண்ணை என்ன எழுதினார் என்று அவள் முழுக்கச் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: "எங்கடை கிணத்துத் தண்ணி இப்பவும் அந்த இனிப்போ எண்டு கேட்டிருக்கிறார்."

அண்ணை வந்தார். மணவறையில் தாய்மாமனாய் நின்றார். பந்தியில் அத்தானுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, பாயசம் ஊற்ற வந்தவனிடம் "முதல் இவருக்கு விடு" என்றார். பெரிய கம்பனிகளின் சந்தேகத்தைத் தீர்க்க அத்தான் பட்ட பாடு வேறு கதை. எழுதி எழுதி, பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் கதவு திறந்தது. அதற்குப் பிறகு கடிவாளத்தை அவர் தொட்டதே இல்லை.

போன வருடம் அத்தான் போய்விட்டார். கடையிலிருந்து வந்து, நெஞ்சு இறுக்குது என்று கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. பெட்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் கம்பனி முகவரிக்கு மாறுவோம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அக்கா விடவில்லை. அடுத்த ஞாயிறு மாஸ்டரும் கொழும்புத்துறைப் பெடியனும் வழமைபோல் வந்தார்கள். அவள் வழமைபோல் தேநீர் ஊற்றினாள். பெட்டி ஓடுகிறது. தட்டுத் தடுமாறி அதைப் பார்த்துக்கொள்ள நானும் கொஞ்சம் பழகிவிட்டேன்.

இந்த மாதம் இளைய மகளின் கலியாண அழைப்பிதழ் அனுப்பினோம். நான் மேசையில் இருந்தபடி, அக்காவிடம் கேட்காமலே பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ராகுகாலம் துவங்கிவிடும். கடிவாளத்தை எப்படி அவிழ்ப்பது என்று மாஸ்டரிடம் கேட்டு வைத்திருந்ததை அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பஞ்சாங்கத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"அண்ணைக்கு முதல் அனுப்பு. மற்றது ஒவ்வொண்டாய்ப் போகட்டும்."

"ராகுகாலம் வந்திடும், அக்கா. நாளைக்கும் நாள் சரியில்லை."

"வரட்டும். அண்டைக்கு உன்ரை அத்தான் அப்பிடித்தானே சொன்னவர்."

கடிதங்கள் ராகுகாலத்துக்குள்ளும் போயின, அதற்குப் பிறகும் போயின. ஒவ்வொன்று போகும்போதும் பெட்டியில் ஒரு சின்ன வெளிச்சம் மின்னி அணைந்தது. அக்கா கிணற்றிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நுளம்பு வலையை ஒதுக்கிக் குனிந்து, நான்கு டப்பாக்களிலும் ஊற்றினாள். அண்ணையின் பதில் அன்று பின்னேரமே வந்துவிட்டது. நான் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு வெளியே வந்தேன்.