ஃபிரேமுக்குள் ஒட்டிய சான்றிதழ்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அந்தப் புதன்கிழமை காலையில் என்னைத் தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் பார்த்திருக்க வேண்டும். மூன்றடி நீளத் தேக்கு ஃபிரேம் ஒன்றைப் போர்வையில் சுற்றி மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று உயிர் போய் உயிர் வந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"யாரு படம் டீச்சர், ஏசுசாமியா?"

"இல்ல, என் படம்தான். டிக்கெட்டக் குடுங்க" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே இருந்தது படமில்லை, என் பி.எஸ்சி. சான்றிதழ். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து வாத்தியார் வீடுகளில் எல்லாம் நைஜீரியா பேச்சாகவே இருந்தது. கணக்கு, அறிவியல் சொல்லித்தரத் தெரிந்தவர்களை அந்த ஊர் அரசாங்கம் எடுக்கிறது என்று ஆளாளுக்கு மனுப் போட்டார்கள். நானும் போட்டேன், கிடைத்தது. அதற்கு முந்தைய ஆறு வருஷமும் நான் லீவு வேகன்சி டீச்சர். யாராவது பிள்ளைபெறப் போனால் கூப்பிடுவார்கள், அவர்கள் திரும்பி வந்ததும் சாக்பீஸை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடம் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது.

அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவே இரண்டு முத்திரைகள் இருந்தன. தூத்துக்குடியில் நோட்டரி வக்கீல் அசலைப் பார்த்து நகலில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மெட்ராஸில் அரசாங்க அலுவலகத்தில் அசல் உண்மையானதுதான் என்று முத்திரை வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆள் எடுக்கிறவர்களிடம் அசலைக் காட்டி நகலைக் கொடுக்க வேண்டும். ஒருநாள் தப்பினால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. வியாழக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன்.

நோட்டரி வக்கீல் நிதானமான மனுஷன். ஃபிரேமை மேசையில் கவிழ்த்து, பேனாக்கத்தியால் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். பின்பலகையை எடுத்தார், கண்ணாடியை எடுத்தார். சான்றிதழை எடுக்க நகத்தை விட்டார். வரவில்லை. இன்னொரு மூலையில் விட்டுப் பார்த்தார். அங்கேயும் வரவில்லை.

"டீச்சர், இத அட்டையில ஒட்டியில்லா வச்சிருக்கு."

"அப்படியே இருக்கட்டும் சார். எழுத்து நல்லாத்தான தெரியுது?"

"நான் முன்பக்கம் பாத்துக் கையெழுத்துப் போட்டுருவேன். மெட்ராஸ்ல அசலுக்குப் பின்பக்கம்தான் முத்திரை குத்துவான். பின்பக்கமே இல்லாத தாள்ல எங்கன குத்த? அட்டையப் பாத்ததுமே திருப்பி அனுப்பிருவான்." மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "உரிச்சு எடுத்துட்டு நாளைக்குக் காலையில வாங்க."

யூனிவர்சிட்டியில் இன்னொரு சான்றிதழ் கேட்டால் மாசக்கணக்கில் ஆகும். எனக்கு இருந்தது ஒன்றரை நாள்.

நேரே ஃபிரேம் கடைக்கு ஓடினேன். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குத் தாளைச் சும்மா கண்ணாடிக்குள் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் கடைக்காரர்கள் எதையும் அட்டையில் அழுத்தி ஒட்டித்தான் ஃபிரேம் போடுவார்கள். கல்யாணப் போட்டோவோ வேதவசனமோ சான்றிதழோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். மற்ற ஊரில் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

கடைக்கார அண்ணாச்சி அட்டையைத் தட்டிப் பார்த்தார். "வஜ்ஜிரப் பசை. தண்ணி பட்டா மை ஓடிரும். இட்லிச் சட்டியில ஆவி காட்டிப் பாருங்க, எளகும். நான் கை வைக்க மாட்டேன் தாயி, கிழிஞ்சா யாரு பதில் சொல்ல? ஒங்க அப்பாதான் கூடவே நின்னு நல்லா ஒட்டச் சொன்னாவ."

அவ்வளவுதான், எனக்குச் சண்டை போட ஆள் கிடைத்துவிட்டார்.

அப்பா ரிட்டையர்டு தலைமை ஆசிரியர். நான் வீட்டுக்குள் நுழையும்போது ஈசிச்சேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "யாரக் கேட்டு ஒட்டுனிய? ஊர்க்காரன் பாக்கணும், எம்மக பட்டதாரின்னு பீத்திக்கிடணும், அதுக்குத்தான? ஒங்க பெருமைக்கு எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டிய! இப்பம் இட்லிச் சட்டியில ஆவி காட்டி உரிக்கணுமாம்!"

அவர் பேப்பரை மடித்தார். "சட்டிய அடுப்புல ஏத்து" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். சண்டைக்கு வராத மனுஷனிடம் சண்டை போடுவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா!

இட்லிச் சட்டி கொதித்தது. அப்பா இரண்டு பக்கமும் துணி சுற்றி அட்டையை ஆவிக்கு மேலே பிடித்தார். நான் காய்ந்த பனையோலைக் கீற்று ஒன்றை நறுக்கி, கீழ் மூலையில் நுழைத்தேன். என் பெயர் மட்டும் பேனா மையால் எழுதியது. அந்த வரிக்கு மேலே அம்மா உலர்ந்த துணியை வைத்து ஒற்றிக்கொண்டே இருந்தாள். கால்மணி நேரம் போனது. பெயரின் முதல் எழுத்து ஓரத்தில் லேசாக ஊதா படர ஆரம்பித்தது.

"போதும், எடுங்க! மை ஓடுது!" என்று கத்தினேன். அம்மா ஊதினாள், விசிறினாள். படர்ந்தது ஒரு நூலளவோடு நின்றது. மறுபடி ஆவி, மறுபடி ஓலை.

அப்போதுதான் மூலை கிளம்பியது. கிளம்பின இடத்தில் அட்டை தெரியவில்லை. அச்செழுத்து தெரிந்தது, பழைய முத்திரை ஒன்றின் பாதி வட்டம் தெரிந்தது.

"அப்பா, அடியில வேற தாள் இருக்கு."

"அது ஒண்ணுமில்ல. நீ ஒன் சோலியப் பாரு."

அம்மாதான் சொன்னாள். "அவுகளோடதுதான், ட்ரெயினிங் சர்ட்டிபிகேட்டு. ஒனக்குத் தனியா ஃபிரேம் வேண்டாம், இந்தத் தேக்குச் சட்டமே இருக்கட்டும்னு அவுகதான் அதுக்கு மேலேயே ஒட்டச் சொன்னாவ."

வீட்டுச் சுவரில் என் பட்டம் தொங்கின அதே ஆணியில் முன்பு அப்பாவின் சான்றிதழ்தான் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் நான் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகினேன். அது எங்கே போயிற்று என்று, பட்டம் வாங்கின இந்த ஏழு வருஷத்தில் ஒருநாள் கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வருத்தப்பட நேரமில்லை. இன்னும் கொஞ்சம் ஓலையைத் தள்ளினால் என் தாள் கிழியும் போலிருந்தது. இரண்டு தாளுக்கும் நடுவே இருந்த ஒட்டு இறுகிக் கிடந்தது. அப்பாவின் தாளுக்கும் அட்டைக்கும் நடுவே இருந்தது பழைய ஒட்டு, அது விட்டுக்கொடுத்தது.

"ரெண்டையும் பிரிக்காண்டாம்" என்றார் அப்பா. "என்னோடதயும் சேத்தே உரி."

"அப்பம் ஒங்களோடது?"

"நான் எங்க வேலைக்குப் போகப் போறேன்? உரி ஏளா, ஆவி ஆறுது."

உரித்தேன். இரண்டு தாளும் ஒன்றாய் வந்தன. முன்னால் என் பட்டம், பின்னால் அவர் சான்றிதழின் வெற்று முதுகு. நடுவில் அவருடைய எழுத்தெல்லாம் மாட்டிக்கொண்டது.

மறுநாள் நோட்டரி வக்கீல் தாளைத் தடவிப் பார்த்தார். நகலில் கையெழுத்துப் போட்டு அரக்கு முத்திரையும் வைத்தார். "என் பக்கம் சரி. மெட்ராஸ்காரன் கையிலதான் இருக்கு" என்றார். அந்த ரயிலில் எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அலுவலகத்தில் என் முறை வந்தது. குமாஸ்தா சான்றிதழைத் திருப்பினார். கட்டைவிரலால் தேய்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் எழுத்துக்கு நடுவே இன்னொரு எழுத்து நிழலாய் ஓடுவது நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது.

"என்னம்மா இது, ரெண்டு தாளா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், வாயில் வரவில்லை. "பின்னாடி இருக்கிறது எங்கப்பாவோட சான்றிதழ் சார். ஃபிரேமுக்குள்ள ஒட்டிப்போச்சு. பிரிச்சா என்னோடது கிழிஞ்சிடும்."

"அப்பா என்ன வேலை?"

"வாத்தியார்."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். உள்ளே எழுந்து போனார். சுவர்க்கடிகாரத்தில் இருபது நிமிஷம் ஓடியது. நாற்காலி போச்சு, திரும்பவும் சாக்பீஸ் பிச்சைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் வெளியே வந்தார், தாளைக் கவிழ்த்துப் போட்டு ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

சாயங்காலத்துக்குள் ஆள் எடுக்கிறவர்களிடம் அசலைக் காட்டி நகலைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ரயிலில் வழிநெடுக மன்னிப்புக் கேட்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அப்பா என்னைப் பேசவே விடவில்லை. தாளை வாங்கிக் கவிழ்த்து, அந்த ஊதா வட்டத்தை விரலால் தடவினார்.

"இங்கனயா குத்துனான்?"

"ஆமாப்பா."

"அப்பம் எனக்கும் சேத்துல்லா குத்தியிருக்கான்" என்று சிரித்தார். "நைஜீரியாவுல போயி யாராவது கேட்டா, ரெண்டு வாத்தியார் வந்திருக்கோம்னு சொல்லு."

அந்த ஈசிச்சேர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.