மலையில் வைத்த உலை

பழி வாங்கும் குணம் நல்லதில்லை என்று எனக்குப் பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நுவரெலியாக் குளிரில் பட்டினியாய் ஓடியவர் இல்லை. ஆகவே அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. திருகோணமலைக் கரையோரம், சல்லியில் எங்கள் வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். நான் நெடுந்தூரம் ஓடுகிறவள். விடிந்ததும் ஈர மணலில் நிலாவெளிப் பக்கமாக ஓடிப்போய், வெயில் ஏற முன்னர் திரும்பிவிடுவேன். மாவட்டப் போட்டிகளில் என்னை முந்துவதற்கு ஆள் இருக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். பழைய ஓட்டக்காரர். சொந்தமாக ஓட்டக் குழு ஒன்றை வைத்திருந்தார். கிழக்கில் நன்றாக ஓடும் பெண்பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, பெரிய போட்டிக்கு முன்பாக நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்ப் பழக்குவார். உயரமான இடத்தில் காற்று மெலிது. அங்கே சில கிழமைகள் ஓடினால் உடம்பு தன் இரத்தத்தைக் கூட்டிக்கொள்ளும், கீழே இறங்கி ஓடும்போது அவ்வளவு இளைக்காது என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை அவர் போட்ட சாப்பாட்டில் இருந்தது.

பாரம் குறைந்தால்தான் கால் மலை ஏறும் என்பது அவருடைய வேதம். காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னர் எங்களைத் தராசில் ஏற்றுவார். முதல்நாளைவிடக் கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. சீனி கூடாது, தேங்காய்ப்பால் கூடாது. மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவில் பாண் துண்டும் தண்ணீராய் ஓடும் பருப்பும். அவரும் அதையேதான் சாப்பிட்டார். ஒளித்து வைத்துத் தின்றிருந்தால் கள்ளன் என்று ஏசிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நின்று நேரம் பார்க்கிறவருக்கு அந்தச் சாப்பாடு போதும். ஓடினது நாங்கள்.

கொஞ்ச நாளில் பசியே எடுக்காமல் போய்விட்டது. உயரம் பசியைக் கொல்லும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு உறுதி வந்துவிட்டதாக அவர் மெச்சினார். பிறகு வாய்க்குள் புண் வந்தது. விழுந்து சிராய்த்த முழங்கால் ஆறவேயில்லை. அதன்பின் இருமல் பிடித்தது. என்னோடு ஒரே அறையில் இருந்தவள் கந்தளாயிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, வயல்காரரின் மகள். இரவில் நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன் போர்வையையும் எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள். காலையில் அவளே போய் எனக்குக் காய்ச்சல் என்று மாஸ்டரிடம் சொன்னாள்.

அவர் எல்லோருக்கும் முன்னால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“இது காய்ச்சல் இல்லை, பயம்,” என்றார். “கடற்கரைப் பிள்ளையளுக்கு மலை ஏலாது. மீனைக் கரையில போட்ட மாதிரித் துடிக்குங்கள்.”

சில பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் ஓடினேன். ஏரியைப் பாதி சுற்றியதும் கண் இருண்டது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில்தான். நெஞ்சில் சளி கட்டி நியூமோனியாவாகியிருந்தது.

நான் கட்டிலை விட்டு இறங்க முன்னரே அவர் அப்பாவுக்குப் போன் எடுத்திருந்தார். உங்கள் மகளுக்குப் பிறவியிலேயே நெஞ்சு பலமில்லை, அதை மறைத்து என்னிடம் அனுப்பிவிட்டீர்கள் என்று ஏசியிருக்கிறார். விளையாட்டுக்காரருக்கு வேலை கொடுக்கும் ஓரிடத்தில் எனக்கு ஒரு வேலை சரிவந்திருந்தது. அங்கேயும் அதே கதையைச் சொன்னார், வேலை போயிற்று. எல்லாவற்றையும்விட, அப்பா அதை நம்பினார். திருகோணமலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்த பஸ்ஸில் வழி முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், இனி ஓட்டம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

நெஞ்சைத் திரும்பச் சோதிப்பதற்கு அம்மா என்னைப் பட்டினத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனா. படம் பிடித்து, இரத்தம் எடுத்து, கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நான் சொல்லச் சொல்ல அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்கட நெஞ்சில பிழை ஒண்டும் இல்லை. உங்களுக்குச் சாப்பாடு காணாது,” என்றார்.

பிறகு அம்மாவுக்கும் விளங்கும்படி பொறுமையாகச் சொன்னார். உயரத்தில் சும்மா இருந்தாலே உடம்புக்கு வழமையைவிடக் கூடச் சாப்பாடு வேண்டும். அங்கே புதிய இரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்துத் தேவை. எனக்கு அது அடிமட்டத்தில் இருந்தது. மாச்சத்து இல்லாமல் கடுமையாக ஓடினால் உடம்பு அதைப் பெரிய ஆபத்தென்று எடுத்துக்கொண்டு பதறும். அந்தப் பதற்றம் நோயை எதிர்க்கும் அணுக்களைத் தளர்த்திவிடும். கடுமையாக ஓடி முடித்த சில மணித்தியாலங்களுக்கு உடம்பின் காவல் குறைகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள், அதில் டாக்டர்மாருக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை என்றார். ஆனால் குளிர், நித்திரைக்குறைவு, பட்டினி, கடும் ஓட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நான் அழுதேன். ஆறுதலால் வந்த அழுகை இல்லை அது. கையில் அகப்படாத ஒருவரின் கழுத்தை நெரிக்கமுடியாத அழுகை.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து குசினி அடுப்படிக்குப் போய், அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னா: “வாற வருசம் இவள் அதே மலையில, அந்த ஆளின்ர கண்ணுக்கு முன்னால ஓடுவாள். நான் கூடப் போய்ச் சமைப்பன்.”

அப்பா மறுத்துப் பார்த்தார். அம்மா அவரோடு அந்த வருடம் முழுக்கப் பேசியது மீன் விலையைப் பற்றி மட்டுமே.

மாஸ்டரின் முகாம் தொடங்கிய அதே நாட்களில் நாங்களும் போனோம். ஏரிக்கு மேலே, மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் வீட்டின் பின்னறையை எங்களுக்கு வாடகைக்குத் தந்தார். அம்மா ஊரிலிருந்து சம்பா அரிசியும் நெத்தலிக் கருவாடும் பனங்கட்டியும் எள்ளும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தா. டாக்டரம்மா சொன்னபடி முதல் நாட்களில் நான் நடந்தேன், மெதுவாக ஓடினேன், நன்றாகத் தூங்கினேன். ஓட முன்னர் இடியப்பம். ஓடி வந்து உடுப்பு மாற்றுவதற்குள் பனங்கட்டியோடு தேத்தண்ணி, அதன் சூடு ஆறமுன் சோறு. கிழமையில் இரண்டு தரம் ஈரல். கீரைக்குத் தேசிக்காய் பிழியாமல் அம்மா தரமாட்டா, இரும்புச்சத்து அப்படித்தான் உடம்பில் சேருமாம். பசி இல்லை என்று சொன்னால், பசியை யார் கேட்டது, சாப்பிடு என்பா.

ஒவ்வொரு நாள் காலையும் ஏரிப் பாதையில் அவருடைய பிள்ளைகளைக் கடந்து ஓடினேன். கடக்கும்போது வேகத்தைக் கூட்டுவேன். அவர் என்னைப் பார்க்கவேண்டும், அதுதான் எனக்குத் தேவை. பார்த்தார். அவருடைய பிள்ளைகளின் உதடுகள் வெளிறியிருந்தன, வரிசையில் யாராவது ஒருத்தி இருமிக்கொண்டே ஓடினாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. அவர்கள் இப்படியே கீழே இறங்கவேண்டும், போட்டியில் நான் அவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டுப் போகவேண்டும், அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டும். தூங்கப் போகும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு பின்னேரம் கந்தளாய்ப் பிள்ளை எங்கள் கதவடியில் வந்து நின்றாள். மூக்கு சிவந்து, குரல் அடைத்துப்போய் இருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வந்தேன் என்றாள். கண் அடுப்பில் இருந்தது. அம்மா அவளை இருத்திச் சோற்றைப் போட்டா. அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன். போட்டியில் எனக்குக் குறுக்கே நிற்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

அவள் போனபிறகு அம்மாவோடு சண்டை பிடித்தேன். அவளையும் தேற்றிவிட்டால் மாஸ்டருக்குத்தானே பேர் வரும் என்றேன்.

“உனக்குப் பழி ஆரோட? அந்த ஆளோடயா, இந்தப் பிள்ளையோடயா?” என்று அம்மா கேட்டா. “அவளின்ர போர்வையைப் போர்த்துக்கொண்டு கிடந்தனீதானே.”

அம்மா என்னைவிடத் தூரம் பார்த்திருந்தா. அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு நாலு பேர். அம்மா பெரிய பானையில் உலை வைத்தா. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனால் மறுநாள் தராசு காட்டிக்கொடுக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

காட்டிக்கொடுத்தது. பின்தொடர்ந்து வந்து மாஸ்டர் எங்கள் வாசலில் நின்றார். பிள்ளைகள் நாலு பேரும் சோற்றுக் கோப்பையும் கையுமாக நிலத்தில் இருந்தார்கள். அம்மாவை அவர் பார்க்கவில்லை.

“இஞ்ச சாப்பிடுற ஆளுக்கு என்ர குழுவில இடமில்லை,” என்றார். “இப்பவே எழும்பி வாங்கோ.”

யாரும் அசையவில்லை. அவருக்குப் பயந்து பழகிய பிள்ளைகள். கந்தளாய்ப் பிள்ளை தன் கோப்பையை அம்மாவிடம் நீட்டினாள்.

“அம்மா, இன்னும் கொஞ்சம் சொதி,” என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

அம்மா ஊற்றினா. மாஸ்டர் இறங்கிப் போனார். அந்தச் சரிவில் இறங்கிப்போன அவருடைய முதுகை நான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் அன்றே தங்கள் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். பாய் விரிக்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு படுத்தோம். பெற்றோருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார்கள். அதைக் கேட்டு, முகாமில் மிச்சம் இருந்த பிள்ளைகளின் வீட்டாரும் வந்து கூட்டிப்போனார்கள். போட்டிக்கு முன்னரே அவருடைய குழுவில் ஆள் இல்லாமல் போயிற்று.

போட்டியில் கந்தளாய்ப் பிள்ளை முதலாவதாக வந்தாள். நான் இரண்டாவது. கடைசிச் சுற்றில் அவள் என்னை முந்தியபோது நெஞ்சு எரிந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அவர் பார்வையாளர் பக்கம் தனியாக நின்றிருந்தார். அவளிடம் கை கொடுக்க வந்தபோது அவள் அவரைத் தாண்டிப் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். எனக்குத் தங்கம் கிடைத்திருந்தாலும் மனம் அவ்வளவு குளிர்ந்திருக்காது. வீட்டில் அப்பா பதக்கத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அடுத்த நாள் பிடித்த நல்ல பாரை மீனை விற்காமல் எனக்குக் கொண்டுவந்தார். அவரை நான் மன்னித்துவிட்டேன்.

மாஸ்டரை மன்னிக்கவில்லை. இப்போது நான் சீனன்குடாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் அவர் திருகோணமலையில் சிறு பிள்ளைகளுக்கு ஓட்டக் குழு தொடங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். லீவு எடுத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். பட்டினத்து ஆட்களோடு தோப்பூரிலிருந்தும் சிலர் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள். மாஸ்டருக்குத் தலை நரைத்திருந்தது, குரல் அதேதான். மலை, மெல்லிய காற்று, பாரமில்லாத உடம்பு என்று அதே கதை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழும்பினேன். அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

“பிள்ளையளுக்குச் சாப்பிட என்ன குடுப்பீங்கள், மாஸ்டர்?” என்று கேட்டேன்.

அதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு ஏன், இப்போதே நான் சொல்கிறேன் என்று சொல்லி, தராசிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில்வரை எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. இடையில் ஒருமுறை, அது பழைய கதை, இப்போது நான் அப்படியில்லை என்றார். அப்படியானால் எப்படி என்று ஒரு தாய் கேட்டா. அவர் கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். வெளியே வரும்போது ஒருவர் என்னிடம், வயதான மனிதர், இவ்வளவு சபையில் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம் என்றார். என் நெற்றியை அவர் சபையில் வைத்துத்தான் தொட்டார் என்றேன். கேட்டவருக்கு அது விளங்கியிருக்காது.

ஆட்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த மண்டபத்தில் மாஸ்டர் தனியே இருந்தார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிக்கு வந்து, இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.