ரிப்பன் வெட்ட வாங்கிய அடிபம்பு

பனவடலிசத்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெண்களைத் தண்ணீருக்கு அலையவிட்டவர் எங்கள் பஞ்சாயத்து யூனியன் ஸ்பெஷல் ஆபீசர். தெரிந்தே செய்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சங்கரன்கோவிலில் அடிபம்பு மெக்கானிக். வார்ப்பிரும்புப் பம்பு விலை குறைவு. நாள் முழுக்க ஊரே அடித்தால் கைப்பிடி முறியும், வெல்டிங்கும் நிற்காது. தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். ஸ்டீல் பம்பு விலை கூடுதல். அதன் செயினுக்குக் கிரீஸ் வைத்துவந்தால் வருடக்கணக்கில் ஓடும். அந்த ஊருக்கு வாங்கியதெல்லாம் வார்ப்பிரும்பு.

பம்பு முறிந்தால் பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரரின் கிணறுதான் கதி. அவர் ஏசுவதைக் கேட்டுக்கொண்டே இறைக்க வேண்டும். பீடி சுற்றும் மாடத்தி என்னைக் கண்டாலே ஆரம்பிப்பாள்.

"அண்ணாச்சி, எதுக்கு பஸ்ஸுக்கு அலையுதிய? இங்கனயே ஒரு குடிசை போட்டுக்கிடுங்க."

மூன்றாவது பம்பு வாங்கும் முன் ஆபீசரிடம், "சார், ஸ்டீல் வாங்குவோம்" என்றேன்.

சிரித்தார். "ஏம்வே, அது அசையாம நிக்கும். பொறவு நான் எதைத் தொறந்து வைக்க? மேல எந்தப் போட்டோவ அனுப்ப?"

வார்ப்பிரும்பே வந்தது. திறப்பு விழாவில் பம்புக்கு மாலை, ரிப்பன். அவர் அடிக்க, ஊர்ப் பெண் ஒருத்தி முதல் குடம் பிடிப்பது வழக்கம். அன்று பெண்கள் எல்லாரும் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"குடத்தை வையும்மா" என்றார் மாடத்தியிடம்.

"வைக்க மாட்டேன். நீங்க ரிப்பன வெட்டிட்டு ஜீப்புல ஏறிருவிய. முறிஞ்சா தோட்டக்காரன்ட்ட ஏச்சு வாங்குதது நாங்க. உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவுக பிடிக்கட்டும்."

அவர் முகம் கறுத்தது. என் கிரீஸ் வாளியைப் பிடுங்கி வைத்து, தானே அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சித்திரை வெயிலில் அதுவும் முறிந்தது. தோட்டக்காரர் கிணற்றுப் பக்கம் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பெண்கள் ஓடையில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டார்கள். ஆபீசருக்கு அந்த மாதம் மாறுதல் வந்தது. ஆபீசில் மாலை போட்டு, கேசரி கொடுத்து அனுப்பினோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சாமான் வாங்கும்போது என்ன விலை என்றுதான் மேலே கேட்பார்கள். எத்தனை வருடம் நிற்கும் என்று நீங்கள் கேளுங்கள். நான் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன், அது போதவில்லை.

அவர் இப்போது பென்ஷனோடு சங்கரன்கோவிலில்தான் இருக்கிறார். ரதவீதியில் காலை நடை போகிறார். அவரிடமே கேட்கிறேன்: அந்த ஊருக்கு வாருங்கள் சார். பெண்கள் எல்லாரையும் கூட்டி வைக்கிறேன். ஸ்டீல் பம்பு ஏன் வாங்கவில்லை என்று அவர்கள் முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள்.