வெந்நீர் ஊற்றில் எண்ணெய்க் குளியல்

யுத்த காலத்தில் நான் ஒரு சரக்குக் கப்பலில் சமையலாளாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை கப்பல் கரீபியன் கடலில் நெவிஸ் தீவருகே நின்றது. அங்கே சார்லஸ்டவுன் என்ற பழைய ஊரில் வெந்நீர் ஊற்று இருக்கிறதென்று கேட்டதும், என்னோடு வேலை பார்த்த பென்னாகரத்து அண்ணன் துள்ளிக் குதித்தார். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர் அவர். அதுவும் சனிக்கிழமை, விடுவாரா? சமையலறைத் தேங்காயெண்ணெயோடு, என்னையும் இழுத்துக்கொண்டு படகில் ஏறினார்.

ஊற்றருகே உள்ளூர்ப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கோவணத்தோடு நின்ற என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணன் எனக்கும் தேய்த்து, தானும் தேய்த்துக்கொண்டு, என்னை உள்ளே தள்ளினார். ஆஹா, எட்டு மாதக் கப்பல் சூடு இறங்கியது!

அதற்குள் எங்கள் படகின் சங்கு ஊதியது. எண்ணெய் போக்க அரப்புத்தூள் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏறினேன், பாறை வழுக்கி மறுபடி விழுந்தேன். கைகொடுத்த அண்ணனும் என்னோடு விழுந்தார்.

"படகு போயிருமுங்கண்ணா!"

"மொதல்ல என் தலமேல இருந்து எந்திரிடா!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி துவைத்த போர்வையை முறுக்கி நீட்டினாள். நான்கு பேர் இழுத்த இழுப்பில் கரையில் வந்து விழுந்தோம். போர்வையெல்லாம் எண்ணெய். அவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். பிறகு அவளே வெடித்துச் சிரித்தாள்.

கடைத்தெரு வழியே ஓடி, கிளம்பிவிட்ட படகில் தாவினோம். உட்கார்ந்தால், பலகையும் வழுக்கியது.