பட்டு மாமி பஞ்சர் ஒட்டிய விஜயதசமி

புனே பக்கத்து தேஹு ரோடில் பட்டு மாமி போகாத இடமில்லை. ஆனால் தானாகப் போன இடம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கல்யாணமாகி மாயவரத்திலிருந்து வந்த நாள் முதல் யாராவது ஓட்டினால்தான் அவள் நகர்ந்தாள். ராணுவக் கிடங்கு ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க ஷேர் ஆட்டோதான். மூன்று பேர் உட்காரும் இடத்தில் டிரைவர் ஐந்து பேரைத் திணிப்பான், அந்த ஐந்தாவது ஆள் எப்போதும் மாமியாகத்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் ராமநாதனின் ஸ்கூட்டர் பின்சீட். பிறகு கார் வந்தது. அதிலும் மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும் உத்தியோகம்தான்.

ராமநாதனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவரும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தார், உதிரி பாகங்கள் பிரிவில். லாரி சாமான், ஜீப் சாமான் நடுவே காலம் தள்ளியதால், சக்கரம் வைத்தது எதுவானாலும் தன்னைக் கேட்டுத்தான் உருள வேண்டும் என்று ஒரு நினைப்பு. நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். ரிடையரான பிறகு அவருக்குக் கண்ணில் பிரஷர் ஏறிப் பக்கப் பார்வை குறைந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் உறையைப் போர்த்திக்கொண்டு பார்க்கிங்கில் தூங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் மாமி யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். மற்றவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கிளச்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்க வைத்தாள், முதல் டெஸ்டில் கோட்டையும் விட்டாள். அடுத்த தடவை லைசென்ஸ் கையில் வந்தது. கணவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அவளே அழைத்துப் போனாள். நிக்டியில் இருக்கும் சிநேகிதி ஷீலா வீட்டுக்கு நினைத்தபோது போய் வந்தாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஊரே சபிக்கிற டிராஃபிக்கில் நிற்கும்போதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ராமநாதனுக்குப் பொறாமை என்று சொன்னால் அது பாவம். அவருக்குப் பயம். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்.

“நடுரோட்ல டயர் பஞ்சரானா என்னடி பண்ணுவே?”

மாமி அதற்கும் ஒரு வழி பார்த்தாள். டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கிட் ஒன்றை ஆன்லைனில் தருவித்தாள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். ஆணி போட்ட துளையை ராவ ஒரு முறுக்குக் கம்பி, ஊசி மாதிரிக் காது வைத்த இன்னொரு கம்பி, கறுப்பாகப் பிசுபிசுக்கும் ரப்பர் திரிகள், ரப்பர் சொல்யூஷன், குறடு, பிளேடு எல்லாம் அதற்குள் அடக்கம். காரின் சாக்கெட்டில் செருகிக் காற்றடிக்க ஒரு குட்டிப் பம்பும் கூடவே வந்தது. பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து பால்கனியில் போட்டாள். அதில் ஆணி அடிப்பதும் பிடுங்குவதும் திரி சொருகுவதுமாகப் பழகினாள். பாவாடைக்கு நாடா கோர்க்கிற வேலைதான், கொஞ்சம் முரட்டு நாடா என்று அவளுக்குத் தோன்றியது. ராமநாதன் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்து, பால்கனியில் படுத்திருக்கிற டயருக்கு யார் வேண்டுமானாலும் வைத்தியம் பார்க்கலாம் என்றார்.

கனடாவிலிருந்து பிள்ளை ஹரீஷும் அப்பா பக்கமே பேசினான். ஃபோனைத் தட்டினால் வாசலுக்கு கேப் வருகிறது, அம்மாவுக்கு இந்த வயதில் ஹைவே எதற்கு என்றான். அந்தத் தைரியத்தில் ராமநாதன், பாணேரில் இருக்கும் விச்சுவுக்குக் காரை விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். விச்சு அவருடைய பழைய சிநேகிதரின் பிள்ளை, ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே வண்டியை ஒப்படைத்துவிடலாம் என்று பேச்சு. மாமி சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், ரசத்தில் உப்புப் போடாமலும் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கார் போனால், மறுபடியும் யாராவது அழைத்துப் போகிற வாழ்க்கைதான். கடைசியில், பாணேர் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன் என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவர் சம்மதித்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. அந்த வீட்டில் அது முழுக்க முழுக்க ராமநாதனின் இலாகா. அரிவாள்மணையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சுவாமி முன்னால் அடுக்குவார். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியாமல் யாரும் தொடக் கூடாது. இந்தத் தடவை காரிலிருந்த பஞ்சர் கிட்டையும் எடுத்து வந்து பூஜையில் சேர்த்தார். விஜயதசமி காலையில் நைவேத்தியம் ஆனதும் அதைப் பத்திரமாகக் காரில் திருப்பி வைத்ததும் அவரேதான். விச்சுவுக்குக் கொடுக்கும்போது சாமான் குறையக் கூடாதாம்.

கிளம்பினார்கள். எதிரே வந்த லாரி, பஸ், ஜேசிபி எல்லாம் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தன. மாமி மனசு எதிலும் ஒட்டவில்லை. ராவேத் தாண்டி, ஹிஞ்சேவாடி மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. சர்வீஸ் ரோட்டில் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தாள். முன்பக்க இடது டயரில் ஒரு ஆணி தலைவரைக்கும் இறங்கியிருந்தது, காற்று சீறிக்கொண்டு போனது. இத்தனை நாள் அவர் வாயால் கேட்ட கேள்வி நேரிலேயே வந்து நின்றது.

ராமநாதன் உடனே தலைமை ஏற்றுக்கொண்டார். ஸ்டெப்னியை மாற்றிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தார். எந்தக் காலத்திலோ சர்வீஸில் இறுக்கிய நட்டுகள் இம்மியும் அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானர் மேலேயே ஏறி நின்றார், நின்றதுதான் மிச்சம். எதிர்ச் சாரியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. தசராவுக்கு அதன் ஷட்டர் மூடி, வெளியே காற்று மிஷின் மாலையும் குங்குமமுமாக லீவில் இருந்தது. விச்சுவைக் கூப்பிட்டு யாரையாவது அனுப்பச் சொல்கிறேன் என்று அவர் பாக்கெட்டில் கை விட்டார்.

“ஃபோனை உள்ள வைங்கோ,” என்றாள் மாமி.

சொன்ன தோரணையில் அவர் வைத்துவிட்டார். மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். டயரின் முகம் வெளியே திரும்பியது. குறடால் ஆணியைப் பிடுங்கினாள். வந்த வழியிலேயே முறுக்குக் கம்பியைச் செலுத்தி, முன்னும் பின்னுமாக ராவினாள். பிறகு திரியை எடுத்துக் கம்பியின் காதில் கோர்த்தாள். திரி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிசுபிசுப்பு துளிக்கூட இல்லை. விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தால் முகப் பவுடர் வாசனை.

“ஏன்னா, இதை என்ன பண்ணினேள்?”

ராமநாதனுக்குச் சொல்வதில் தயக்கமே இல்லை. அவர் பண்ணியது நல்ல காரியமாயிற்றே. “ஒரே பிசுக்கா இருந்துது. அழுக்கோட சுவாமி முன்னாடி வைப்பாளா? சோப்புத் தண்ணில நன்னா அலசி, காயவெச்சு, ஒட்டிக்காம இருக்கப் பவுடர் போட்டேன். சைக்கிள் ட்யூபுக்கெல்லாம் போடுவாளே.”

அந்தப் பிசுக்குதான் ஓட்டையை அடைக்கிற மருந்து என்று அவருக்கு யார் சொல்வது? மாமிக்கு வந்த கோபத்தில் டயரை விட்டுவிட்டு அவரையே ராவியிருப்பாள். இருக்கட்டும் என்று அந்தத் திரியையே சொருகி, பம்பைப் போட்டாள். கொஞ்சம் காற்று ஏறியதும் டயர் திரியை வெளியே துப்பியது. ராமநாதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகம் சுண்டிப்போயிற்று. கையில் மீதி இருந்த திரிகளும் அதே மாதிரிக் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டவைதான்.

மாமி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். அழுகை முட்டியது. பாணேர் போனால் கார் போய்விடும், அது தெரிந்த கதை. ஆனால் இந்த ஆணியிடம் தோற்று, யாரோ ஒருவன் வந்து தள்ளிக்கொண்டு போய், அவர் கேட்டதுதான் சரி என்று ஆவதை அவளால் தாங்க முடியாது. விரல்கள் திரியைச் சும்மா நிமிண்டிக்கொண்டிருந்தன. நிமிண்டிய இடத்தில் முறுக்கு லேசாகப் பிரிந்தது. உள்ளே கறுப்பாக, ஈரமாக மினுங்கியது. தொட்டாள், ஒட்டிக்கொண்டது. அவருடைய சோப்பும் பவுடரும் மேலோடு நின்றுவிட்டிருந்தன.

தினமும் விளக்குக்குப் பஞ்சுத் திரி திரிக்கிற கைக்கு இது ஒரு வேலையா? முறுக்கை முழுக்கப் பிரித்தாள். உள்புறம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டித் திரித்தாள். ஒன்று மெல்லிசாகப் பட்டது, இன்னொன்றையும் பிரித்து இரண்டையும் சேர்த்து ஒரே திரியாக ஆக்கினாள். ரப்பர் சொல்யூஷனைத் திரி மேலும் துளைக்குள்ளும் தாராளமாகத் தடவினாள். கம்பியை டயரில் வைத்து, உடம்புக் கனத்தை எல்லாம் கொடுத்து அழுத்தினாள். நகரவில்லை. வளையலைக் கழற்றி ராமநாதன் கையில் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள். திரி உள்ளே இறங்கியது, வால் மட்டும் வெளியே நின்றது. வெடுக்கென்று கம்பியை வெளியே இழுத்தாள். திரி உள்ளேயே தங்கிவிட்டது.

பம்பு இரைந்தது. டயர் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மாமி பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள், குமிழி வருகிறதா என்று. வரவில்லை. ராமநாதன் நம்பாமல் முட்டி போட்டு டயரில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. நீட்டிக்கொண்டிருந்த வாலை மாமி பிளேடால் சீவி எறிந்தாள்.

அந்த நேரத்தில் தேவி சிலையை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ தாண்டிப் போயிற்று. அதிலிருந்த பிள்ளைகள் விசிலடித்துக் கை காட்டினார்கள். அம்பாளுக்கு அடிக்கிறார்கள் என்றார் ராமநாதன். இல்லை, எனக்குத்தான் என்றாள் மாமி.

பாணேர் வரைக்கும் வண்டி வெண்ணெய் போலப் போயிற்று. மாமி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் கரி. துடைக்க மனசு வரவில்லை.

விச்சுவின் அபார்ட்மென்ட் வாசலில் அவனும் அவன் மனைவி தீபாவும் தயாராக நின்றிருந்தார்கள். கார் நின்றதும் தீபா முன்பக்கம் மாலையைக் கட்டி ஆரத்தி எடுத்தாள். ராமநாதன் இறங்கி, மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னார். நட்டு அசையாததைச் சொன்னார், தான் பவுடர் போட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். இவள் திரித்த திரியைப் பார்க்க வேண்டுமே என்று டயரைத் திருப்பச் சொல்லாத குறை. விச்சு கேட்டுச் சிரித்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினான்.

மாமி சாவியைக் கரிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“தரமாட்டேன் விச்சு. தப்பா நினைச்சுக்காதே. டயர் பஞ்சரானா என்ன பண்ணுவேன்னு உங்க மாமா கேட்டுண்டே இருந்தார். அதுக்குத்தான் வண்டியை விக்கறதா இருந்தார். பதில் சொல்லிட்டுதான் வந்திருக்கேன். இன்னும் ஏதாவது கேக்கணும்னா, இப்பவே கேக்கச் சொல்லு.”

விச்சுவின் கை அந்தரத்தில் நின்றது. தீபா ஆரத்தித் தட்டோடு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எல்லாரும் ராமநாதனைப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்தவர் அவர்தான். விச்சுவின் தோளில் கை வைத்து, உனக்கு வேற வண்டி நானே பார்த்துத் தரேன்டா என்றார். மனைவியின் வளையல்களை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் மனுஷர். சுற்றிக்கொண்டு போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பட்டு,” என்றார். “மலையேறி, என்னை லோனாவ்ளா வரைக்கும் அழைச்சுண்டு போறியா?”